‘சிக்னல் போச்சு’ என்பது காரணம் ஆகாது

ரேடியோவால் இயக்கும் ஆர்.சி. மாதிரி விமானம் ஓட்டுகிறவர்களிடையே ஒரு கருத்து இன்று கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்த பிறகு, ரேடியோவை விமானத்தில் பொருத்துவது தனியாக ஒரு வேலையே இல்லை என்பதுதான் அது. பெட்டியைப் பிரி, ரிசீவரை உள்ளே ஒட்டு, டிரான்ஸ்மிட்டரோடு பைண்ட் செய்து இணை, குச்சிகளை அசைத்துப் பார், பறக்கவிடு. ஏலரானையும் எலிவேட்டரையும் திருப்பும் சர்வோ அசைந்தால் ரேடியோ தயார் என்று பொருள். அதற்குப் பிறகும் விமானம் விழுந்தால் விளக்கம் கைவசம் இருக்கிறது: சிக்னல் போச்சு. இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன. முதலாவது பொருத்துகிறவரின் வேலையைக் குறைக்கிறது. இரண்டாவது விழுந்த பிறகு அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. இரண்டுமே தவறு. ரேடியோ தொழிற்சாலையில் பாதிதான் முடிகிறது. மீதிப் பாதி, அதைப் பொருத்தும் விமானத்தின் வயிற்றுக்குள் முடிகிறது. அந்த மீதிப் பாதியைச் செய்யாமல் விட்டாலும் விரிந்த சமவெளியில் பல நாள் தப்பிவிடலாம். போடிநாயக்கனூரிலிருந்து முந்தல், குரங்கணி, போடிமெட்டு என்று மேலேறும் சரிவுகளில் அப்படித் தப்ப முடியாது. அங்கே ஏன் முடியாது என்பதைப் பார்த்தாலே சமவெளியில் தப்பியதும் திறமையால் அல்ல என்பது விளங்கிவிடும்.

இந்தக் கருத்துக்கு நியாயமான ஒரு வரலாறு உண்டு. அதை மறுக்கக் கூடாது. முன்பு 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் இயங்கிய செட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரிஸ்டல், ஒரு சானல். ஒருவர் பறக்கவிட்டுக்கொண்டிருக்கும்போது அதே சானலில் இன்னொருவர் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தால், பறந்துகொண்டிருந்த விமானம் தரைக்கு வந்துவிடும். அதனால்தான் மைதானங்களில் பலகை வைத்து, அந்தந்தச் சானலுக்குரிய கிளிப்பைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே ஆன் செய்யலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. மோட்டாரின் தீப்பொறியும், உலோகத்தோடு உலோகம் உரசும் இணைப்பும்கூட சர்வோவை நடுங்க வைக்கும். 2005இல் ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் செட்டான டிஎக்ஸ்6 வந்தது, அடுத்த ஆண்டு டிஎக்ஸ்7; பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன; சானல் சண்டை ஒழிந்தது. இன்றைய ரிசீவர் தன்னோடு பைண்ட் ஆன டிரான்ஸ்மிட்டரின் பேச்சை மட்டும்தான் கேட்கும். இது பெரிய சாதனை. ஆனால் தீர்ந்தது டிரான்ஸ்மிட்டர்களுக்குள் இருந்த போட்டி மட்டுமே. அலை எதில் தடைபடும், ரிசீவருக்கு மின்சாரம் எங்கிருந்து வரும், தொடர்பு அறுந்தால் விமானம் என்ன செய்யும் என்ற மூன்று கேள்விகளும் அப்படியே இருக்கின்றன. இன்னும் சொல்லப்போனால், பழைய செட்டில் இருந்த ஓர் எச்சரிக்கை இப்போது இல்லாமல் போய்விட்டது. தொடர்பு பலவீனமானால் முன்பு சர்வோ நடுங்கும், விமானம் துள்ளும், ஓட்டுகிறவர் உடனே அருகே திருப்பிக்கொள்வார். டிஜிட்டல் ரிசீவர் பிழையான தகவலைத் தள்ளிவிட்டுக் கடைசியாக வந்த நல்ல கட்டளையைப் பிடித்துக்கொள்கிறது. முழு நம்பிக்கையோடு ஓட்ட முடிகிற கடைசி நொடிக்கும் ஒன்றுமே கேட்காத அடுத்த நொடிக்கும் நடுவில் எந்த அறிகுறியும் இல்லை. முன்னறிவிப்பு தராத கருவிக்கு முன்சோதனை கூடுதலாக வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் முடிவு. குறைவாகப் போதும் என்பதல்ல.

பெட்டியில் ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி வாதிடுகிறவர்கள் உண்டு. ‘ஒரு மீட்டர் இறக்கையுள்ள விமானத்தை 300 மீட்டருக்கு மேல் கொண்டுபோனால் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே தெரியாது, செட் ஒரு கிலோமீட்டர் தாங்கும், மூன்று மடங்கு மிச்சம் இருக்கிறது, பிறகென்ன?’ கேட்க வலுவான வாதம்தான். ஆனால் ரேடியோவில் மூன்று மடங்கு தூரம் என்பது சிறிய மிச்சம். தூரம் இரட்டிப்பானால் வந்து சேரும் சக்தி நான்கில் ஒன்றாகிறது, அதாவது 6 டெசிபல் இழப்பு. தூரத்தில் மூன்று மடங்கு மிச்சம் என்பதைச் சக்தியில் சொன்னால் ஏறத்தாழ 10 டெசிபல். அந்தப் 10 டெசிபலை விழுங்கப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஆன்டெனாவை இடம் தவறி ஒட்டினால் போதும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு 31 மில்லிமீட்டர். ரிசீவரிலிருந்து நீளும் மெல்லிய வயரின் நுனியில் உறை நீக்கிய அந்த 31 மில்லிமீட்டர்தான் ஆன்டெனா; மீதி நீளம் வெறும் கேபிள். பழைய செட்டின் மீட்டர் நீள வயரில் ஓரங்குலம் மடங்கினாலும் பாதகமில்லை. இங்கே ஓரங்குலம் மடங்கினால் மொத்தமும் போய்விடும். அந்த நுனியை லிப்போ பேட்டரிக்கு அடியிலோ, இறக்கைக்குள் ஓடும் கார்பன் குழாயை ஒட்டியோ டேப் போட்டு ஒட்டிவிட்டால் ஒரு கிலோமீட்டர் செட் முந்நூறு மீட்டர் செட்டாகிவிடும். மேலும் அந்த நுனி தன் பக்கவாட்டில்தான் நன்றாகக் கேட்கும். நுனி நேராக நம்மை நோக்கும்போது கிட்டத்தட்டச் செவிடு. அதனால்தான் இரண்டு ஆன்டெனா உள்ள ரிசீவரில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, இடைவெளி விட்டு வைக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சுருட்டி ஒரே டேப்பில் ஒட்டினால் இரண்டாவதற்குக் கொடுத்த காசு வீண்.

சமவெளி ஒரு வகையில் ஓட்டுகிறவருக்குச் சலுகை தருகிறது. அங்கே விமானம் எப்போதும் தலைக்கு மேலே இருக்கிறது. அதன் வயிறுதான் நம்மைப் பார்க்கிறது. வயிற்றுப் பக்கம் ஆன்டெனாவை ஒட்டியவர் பேட்டரி எங்கே இருக்கிறது என்று யோசிக்காமலே பிழைத்துக்கொள்வார். போடிமெட்டுப் பக்கம் ஒரு சரிவின் விளிம்பில் நின்று பள்ளத்துக்கு மேலே பறக்கவிட்டால் நிலைமை தலைகீழ். விமானம் பெரும்பாலும் கண் மட்டத்திலோ கீழேயோ இருக்கும். இப்போது நம்மைப் பார்ப்பது அதன் முதுகு. சமவெளியில் ஆன்டெனாவுக்கு மேலே சும்மா கிடந்த பேட்டரி, இங்கே ஆன்டெனாவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் வந்து உட்காருகிறது. அதே விமானம், அதே ரேடியோ, அதே பொருத்தல். மூன்று மடங்கு மிச்சம் என்று எண்ணியது காணாமல் போகிறது. சமவெளியில் நூறு முறை பறந்தது என்ற அனுபவம் இந்தக் கோணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘எத்தனையோ பேர் இப்படித்தான் பறக்கவிடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை’ என்ற வாதத்துக்கு இதுவே பதில். அவர்களுடைய பொருத்தல் சரி என்று அந்தப் பறப்புகள் நிரூபிக்கவில்லை. பிழை வெளிப்படும் கோணம் அவர்களுக்கு வாய்க்கவில்லை என்பதைத்தான் நிரூபிக்கின்றன.

மலை இன்னொன்றையும் செய்கிறது. மெட்டு ஏறும் ஜீப்பில் உட்கார்ந்திருப்பவர் எவருக்கும் தெரியும்: 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் கைபேசியில் முழுக் கோடு நிற்கும், அடுத்த திருப்பத்தில் ஒன்றுமிருக்காது. ஒரு மடிப்புப் பாறை குறுக்கே வந்திருக்கும், அவ்வளவுதான். கைபேசிக் கோபுரத்தின் சக்தியோடு ஒப்பிட்டால் கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் 100 மில்லிவாட் எதற்குச் சமம்? அதிலும் நேர்பார்வை இருந்தால் போதும் என்று நினைப்பது பாதி உண்மைதான். அலை நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் போவதில்லை; கோட்டைச் சுற்றி ஒரு குடம்போலப் பருத்த இடம் அதற்குத் தேவை. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 500 மீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில் அந்த இடத்தின் ஆரம் ஏறத்தாழ 4 மீட்டர். கண்ணுக்கு விமானம் தெரிகிறது, ஆனால் பார்வைக் கோடு நிழல் மரங்களின் தலையை உரசிக்கொண்டு போகிறது என்றால் அலையின் ஒரு பங்கு ஏற்கெனவே இலைகளுக்குள் போய்விட்டது. இந்தச் சரிவுகளில் விளையும் ஏலம் வெயில் பட்டால் வாடும் பயிர். மரநிழல் இல்லாமல் ஏலம் இல்லை. மழைக்காலத்தில் அந்த இலைகள் நாள் முழுதும் நனைந்தே கிடக்கும். நீர் இந்த அலைவரிசையை நன்றாக விழுங்கும். உற்பத்தியாளர் அச்சிட்ட தூரம் பொய்யல்ல. அது இந்த நிலத்துக்காக அளந்த தூரம் அல்ல.

ஆனாலும், விழுந்த விமானங்களைப் பற்றிப் பேசும்போது அலையைவிட மின்சாரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இங்கேதான் ‘சிக்னல் போச்சு’ என்ற விளக்கம் மிக அதிகமாக ஏமாற்றுகிறது. சிறிய மின் விமானங்களில் ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தனி பேட்டரி கிடையாது. மோட்டாரை ஓட்டும் ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஈசி என்ற சிறு சுற்றுதான் லிப்போவின் அழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. மலிவான ஈஎஸ்சிகளில் இது அதிகப்படி வோல்ட்டை வெறும் வெப்பமாக எரித்துத் தள்ளும் வகை. மூன்று செல் லிப்போ முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், ஒரு ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் வெப்பம். நான்கு செல் போட்டால் 11.8 வாட். இந்தச் சூட்டைக் காற்றுப் புகாத தெர்மாகோல் உடலுக்குள், சித்திரை வெயிலில், போடியின் அடிவாரத் தரிசில் வைத்து மூடினால் அது எத்தனை நிமிடம் தாங்கும்? மறுபக்கம், 9 கிராம் சர்வோ சும்மா இருக்கும்போது இழுப்பது மிகக் குறைவு. அழுத்தம் தாங்காமல் நின்றுபோகும்போது முக்கால் ஆம்பியர் அளவுக்குப் போகும். நான்கு சர்வோ ஒன்றாக இழுத்தால் மூன்று ஆம்பியர். பிஈசியின் மேல் 2 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். தரையில் ஒவ்வொரு குச்சியாக அசைத்துப் பார்க்கும் சோதனையில் இது ஒருபோதும் தெரியாது, ஏனென்றால் அப்போது ஒரு சர்வோதான் நகர்கிறது. அதற்கும் காற்றின் எதிர்ப்பு இல்லை.

பறக்கும்போது நிலைமை வேறு. தென்மேற்குப் பருவத்தில் போடி, மலையின் மறைவுப் பக்கத்தில் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்று மலைமுகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் சரிந்து இறங்குகிறது. இறங்கும்போது சுருண்டு புரளுகிறது. ஆடிக்காற்றில் அங்கே பறக்கும் விமானத்தின் எல்லாச் சர்வோக்களும் நிற்காமல் வேலை செய்யும். ஒரு பெரிய அடியில் ஏலரான், எலிவேட்டர், ரட்டர் எல்லாம் ஒன்றாகத் திரும்பும் கணத்தில் 5 வோல்ட் கீழே விழும். ரிசீவர் இயங்கக் குறைந்தபட்ச அழுத்தம் ஒன்று உண்டு. பல ரிசீவர்களுக்கு அது 3.5 வோல்ட் அளவு. அதற்குக் கீழே போனால் ரிசீவர் அணைந்து மீண்டும் எழுந்து டிரான்ஸ்மிட்டரைத் தேட வேண்டும். அதற்கு இரண்டு நொடி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 54 கிலோமீட்டரில் போகும் விமானம் அதற்குள் 30 மீட்டர் போயிருக்கும். சரிவில் 30 மீட்டருக்குள் பாறை இருக்கும். பிறகு போய் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது: பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, ரிசீவர் விளக்கு எரிகிறது, சர்வோ அசைகிறது. ஒரு கணம் தாழ்ந்த வோல்ட் பெரும்பாலும் தடயம் எதுவும் விட்டுவைப்பதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் விழுந்தது, எனவே சிக்னல்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது என்பதற்கு உற்பத்தியாளர்களே சாட்சி. நடுவில் மின்சாரம் விட்டுப்போனால் அதைக் காட்டிக்கொடுக்க, விளக்கைச் சிமிட்டும் ஏற்பாட்டைச் சில ரிசீவர்களிலேயே வைத்திருக்கிறார்கள்.

அந்த மூன்று ஆம்பியர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால், அது ரேடியோவை அமைத்த விதத்திலேயே தொடங்குவதைக் காணலாம். சர்வோ நடுநிலையில் இருக்கும்போது அதன் கை கம்பிக்குச் செங்கோணத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்ட வேண்டும். கம்பியின் நீளத்தைத் திருத்த வேண்டும். அதைச் செய்யாமல் டிரான்ஸ்மிட்டர் மெனுவில் சப்-டிரிம்மை ஏற்றி நேராக்கிவிடுகிறார்கள். பார்வைக்கு நேராகிவிடும், ஆனால் ஒரு பக்கம் அசைவு கூடி மறுபக்கம் குறையும். கூடிய பக்கத்தில் கீல் அதற்குமேல் மடங்க முடியாத இடத்தில் சர்வோ முட்டிக்கொண்டு உறுமும். அந்த உறுமல்தான் நின்றுபோன சர்வோ இழுக்கும் மின்சாரத்தின் சத்தம். இன்னொரு பழக்கம், கம்பியைச் சர்வோ கையின் வெளித்துளையில் மாட்டி, அசைவு அதிகம் என்று மெனுவில் 50 விழுக்காடாகக் குறைப்பது. உட்துளைக்கு மாற்றி முழு அசைவையும் பயன்படுத்தினால் அதே திருப்பத்துக்கு இரட்டிப்பு வலு கிடைக்கும், நுணுக்கமும் இரட்டிப்பாகும், இழுக்கும் மின்சாரம் குறையும். ஒரு துளை மாற்றத்துக்கும் மலையோரத்தில் ரிசீவர் அணைவதற்கும் இவ்வளவு நேரடியான தொடர்பு இருக்கும்போது, பைண்ட் ஆனதோடு ரேடியோ வேலை முடிந்தது என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது கேள்வி, தொடர்பு அறுந்தால் விமானம் என்ன செய்யும் என்பது. ஃபெயில்சேஃப் எல்லாச் செட்டிலும் இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். இருக்கிறது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்லிவைக்காவிட்டால் கடைசிக் கட்டளையை அப்படியே பிடித்துக்கொள்ளும் செட்டுகள் உண்டு. முழு த்ராட்டிலில் தொடர்பு போனால் முழு த்ராட்டிலில் போய்க்கொண்டே இருக்கும். பழைய விமானத்துக்குப் புது ரேடியோ மாற்றுகிறவர்கள் விழும் குழி இன்னும் ஆழமானது. ஃப்யூடாபா செட்டில் த்ராட்டில் சானல் மற்ற பல நிறுவனங்களின் செட்டுக்கு எதிர்த் திசையில் இயங்கும். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதலில் பைண்ட் செய்து, மோட்டார் கிளம்பாததைப் பார்த்து, பிறகு த்ராட்டிலைத் திருப்பிப்போடுவார்கள். பறக்கும்; எல்லாம் சரியாகத் தோன்றும். ஆனால் ஃபெயில்சேஃப் நிலையைப் பைண்ட் செய்யும் நேரத்திலேயே பதிந்துகொள்ளும் ரிசீவராக இருந்தால், திருப்புவதற்கு முன்பிருந்த நிலைதான் அதன் நினைவில் இருக்கும். இப்போது அந்த நிலையின் பொருள் முழு வேகம். தொடர்பு அறுந்த நொடியில் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஏற்பாடு மோட்டாரை முடுக்கும். குச்சியின் நடுப்பகுதி அசைவு எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்று வைக்கும் எக்ஸ்போவிலும் இதே கதை. ஃப்யூடாபாவில் நடுப்பகுதியை மென்மையாக்கக் கழித்தல் குறியில் எண் கொடுக்க வேண்டும்; ஸ்பெக்ட்ரமில் கூட்டல் குறியில். பழைய செட்டின் எண்ணை அப்படியே புதிய செட்டுக்கு எழுதிக்கொண்டவரின் விமானம் நடுவில் பதமாக இருப்பதற்குப் பதில் வெடுக்கென்று துள்ளும். மெனுவைப் பார்த்தால் எண் சரியாகத்தான் இருக்கும்.

இந்தக் குறைகளையெல்லாம் புதிய தொழில்நுட்பம் மூடிவிட்டது என்று எதிர்வாதம் வரும். டெலிமெட்ரி இருக்கிறதே என்பார்கள். டெலிமெட்ரி நல்லது, வோல்ட்டையும், தவறிய ஃபிரேம்களின் எண்ணிக்கையையும் காட்டும் செட்டை வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் எச்சரிக்கை எந்த எண்ணில் ஒலிக்க வேண்டும் என்று வைப்பதும் அமைப்பின் ஒரு பகுதிதானே? அந்தத் தகவலை அனுப்புவதும் அதே ரிசீவர். அது அணைந்த கணத்தில் செய்தியும் அணைந்துவிடும். கைரோ, நிலைநிறுத்தும் கருவி என்பார்கள். கருவியின் திருத்தும் திசையை ஒருமுறை கையால் சாய்த்துப் பார்க்காமல் விட்டால், இடப்பக்கம் சாயும் விமானத்தை அது இன்னும் இடப்பக்கமே தள்ளும். திசை சரியாக இருந்தாலும் அது சர்வோக்களை ஓயாமல் அசைத்துக்கொண்டிருப்பதால் மின்சாரத் தேவை கூடுகிறது. ட்ரோன் பார்த்துப் பழகியவர்கள், தொடர்பு போனால் தானாகத் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். ட்ரோன் திரும்புவது அதற்குள் ஜிபிஎஸ்ஸும் பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினியும் இருப்பதால். ஆறு சானல் ரிசீவர் மட்டும் உள்ள விமானத்துக்கு வீடு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நீண்ட தூர மாட்யூல் போட்டால் தீர்ந்தது என்பவர்களும் உண்டு. அமெரிக்காவுக்கென்று 915 மெகாஹெர்ட்ஸில் செய்தது இங்கே கைபேசிகளுக்கு ஒதுக்கிய 890 முதல் 915 வரையிலான பட்டையின் மேல் விழும். உரிமம் இல்லாமல் இந்தியாவில் இடமுள்ள பட்டைகளில் 2.4 ஜிகாஹெர்ட்ஸும் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையும் உண்டு. சட்டத்துக்கு உட்பட்ட நீண்ட தூரச் செட்டாகவே இருந்தாலும், பிஈசி தாழ்ந்து ரிசீவர் அணைந்தால் அதன் தூரத்தால் ஆவதொன்றுமில்லை.

பணமும் பொறியாளர்களும் இருந்தால் இந்தப் பிழைகள் வராது என்று யாரும் எண்ண வேண்டாம். 2019 ஜூலை 4 அன்று இங்கிலாந்தின் குட்வுட்டில் அலௌடா நிறுவனத்தின் 95 கிலோ எடையுள்ள ஆளில்லா வானூர்தி ஒன்றை மக்கள் பார்க்கப் பறக்கவிட்டார்கள். கட்டளைத் தொடர்பு அறுந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்கள். அதுவும் வேலை செய்யவில்லை. வானூர்தி ஏறத்தாழ 8,000 அடி உயரம் ஏறி, கேட்விக் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்பகுதிக்குள் நுழைந்து, மின்சாரம் தீர்ந்த பிறகு ஒரு வயலில் விழுந்தது. பக்கத்து வீடுகள் ஏறத்தாழ 40 மீட்டர் தூரத்தில் இருந்தன. பிரிட்டனின் விபத்து விசாரணைப் பிரிவு அதன் வடிவமைப்பும் கட்டிய தரமும் மோசம் என்று எழுதியது.  வாங்கிய ரேடியோவுக்கும் பொருத்திய ரேடியோவுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவு அரிது.

‘ஒரு கிலோகூட இல்லாத தெர்மாகோல் விமானத்துக்கு இவ்வளவு பேச்சா?’ என்ற கேள்வியைத்தான் மிகுந்த அக்கறையோடு எதிர்கொள்ள வேண்டும். ஏனென்றால் அதைக் கேட்பவர்கள் விமானத்தின் விலையை மட்டும் கணக்கிடுகிறார்கள். ஏலச் சரிவின் மேலே பறக்கும்போது கீழே தெரிவது பச்சைக் கூரை மட்டுமே. அந்தக் கூரைக்கு அடியில், போடியிலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறிப்போன பெண்கள் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு விமானம் தெரியாது, ஓட்டுகிறவருக்கு அவர்களைத் தெரியாது. சுழலும் புரொப்பெல்லரும், முக்கால் கிலோ எடையும், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகமும் ஒரு முகத்தில் வந்து மோதினால் அது விளையாட்டுப் பொருள் அல்ல. மாசி, பங்குனி மாதங்களில் ஆபத்து வேறு மாதிரி. குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று காய்ந்த புல்லில் பரவிய தீ மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அந்தத் தீக்கும் ஆர்.சி. விமானத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் காய்ந்த சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அந்த ஊர் மறக்கவில்லை. மோதலில் நசுங்கிய லிப்போ தீப்பிடிக்கும் பொருள். சில நேரம் விழுந்து சில நிமிடம் கழித்தும் பிடிக்கும். மோட்டாரை நிறுத்தாத ஃபெயில்சேஃபோடு ஒரு விமானம் முகட்டைத் தாண்டிப் போய் எங்கோ விழுந்தால், அங்கே போய்ப் பார்க்க யாரும் இல்லை.

இப்படிச் சொன்னால் கல்லூரி மாணவர்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள் என்று கவலைப்படுகிறவர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் கேட்கும் வேலை என்ன? டிரான்ஸ்மிட்டரில் ரேஞ்ச் சோதனை என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது சக்தியை ஏறத்தாழ 30 டெசிபல், அதாவது ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கும்; தூரம் முப்பதில் ஒன்றாகும். அந்த நிலையில் 30 மீட்டர் தள்ளி நின்று கட்டுப்பாடு விடாமல் கிடைத்தால், முழுச் சக்தியில் அது ஏறத்தாழ 900 மீட்டருக்குச் சமம். ஆனால் விமானத்தைத் தரையில் கிடத்தி மூக்கை நம்மை நோக்கி வைத்துப் பார்ப்பது அரைச் சோதனைதான். இன்னொருவர் அதைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி, வயிறு, முதுகு, இடது, வலது என்று எல்லாப் பக்கமும் திருப்ப வேண்டும். முதுகைக் காட்டும் நிலையைச் சரிவில் பறக்க நினைப்பவர் கட்டாயம் பார்க்க வேண்டும். பிறகு அதே சோதனையை மோட்டாரை ஓடவிட்டு, எல்லாச் சர்வோவையும் ஒருசேர அசைத்துக்கொண்டே செய்ய வேண்டும். ரிசீவரின் காலியான ஒரு சானலில் சிறிய வோல்ட் மீட்டரைச் செருகிவிட்டால் அழுத்தம் எங்கே இறங்குகிறது என்பது கண்ணெதிரே தெரியும்; ஐந்து நான்கரையானாலே பிஈசியை மாற்ற வேண்டும். கடைசியாகப் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலைப் பாதியில் வைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும். மோட்டார் நிற்கிறதா? புது ரேடியோவுக்கு முதல்முறை ஒரு மாலைப்பொழுது, பிறகு ஒவ்வொரு பறக்கும் நாளிலும் சில நிமிடம். இதற்காகப் பறப்பதையே கைவிடும் மாணவர் இருப்பார் என்று நம்ப முடியவில்லை. மூன்று மாதம் வெட்டி ஒட்டிய விமானம் காரணம் தெரியாமல் விழுந்ததால் கைவிட்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் 25 கிலோ வரையிலான, கல்விக்கும் ஆய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் பார்வைக்குள் பறக்கும் மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்று விலக்கு அளித்திருக்கின்றன. இது நல்ல விலக்கு. வீட்டில் கட்டிப் பழகுகிறவர்களை அலுவலகத்துக்கு அலைய விடக் கூடாது. ஆனால் அதன் விளைவு, இந்த விமானத்தின் ரேடியோவைக் கட்டியவரைத் தவிர வேறு எவரும் சோதிக்கப்போவதில்லை என்பது. அதனால் கல்லூரிகள் நடத்தும் விமானப் போட்டிகளில் எடையையும் இறக்கை நீளத்தையும் அளக்கும் அதே மேசையில் மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: எல்லாப் பக்கமும் திருப்பிய ரேஞ்ச் சோதனை, எல்லாச் சர்வோவும் அசையும்போது ரிசீவரின் வோல்ட், டிரான்ஸ்மிட்டரை அணைத்ததும் நிற்கும் மோட்டார். மூன்றையும் காட்டாத அணியைப் பறக்க அனுமதிக்கக் கூடாது. விழுந்த பிறகு அணிகள் எழுதும் அறிக்கையில் சிக்னல் இழப்பு என்று காரணம் காட்டினால், பறப்பதற்கு முன் அளந்த இந்த எண்களையும் பக்கத்தில் எழுதச் சொல்ல வேண்டும். அப்படி எழுதத் தொடங்கிய பிறகு உண்மையிலேயே சிக்னல் போய் விழுந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். அதுவரை அந்தக் காரணத்தை எந்த நடுவரும் ஏற்க வேண்டியதில்லை.